மெலிவுக்கும் ஒரு விலை உண்டு

மடிக்கணினிக் கடைக்குள் நுழைந்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? கணினியைக் கையில் தூக்கி எடை பார்க்கிறோம். மெலிதாக, லேசாக இருந்தால் பாதி மனம் அங்கேயே விழுந்துவிடும்.

இந்த மோகத்தை வளர்த்ததில் 2008 ஜனவரியில் அரங்கேறிய ஒரு காட்சிக்குப் பெரும் பங்குண்டு. ஸ்டீவ் ஜாப்ஸ் சாதாரணக் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் கணினியை வெளியே எடுத்தார். அதில் குறுவட்டு இயக்கி இல்லை. யுஎஸ்பி துளை ஒன்றே ஒன்று. ஆனாலும் மெலிவே அழகு என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது.

என் அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டடக்கலை படிக்கிறான். விடுமுறையில் உணவகத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தோடு அக்காவும் கொஞ்சம் போட்டு வாங்கியது அவனுடைய கணினி. பார்க்க அவ்வளவு அழகு. மறுநாள் காலை வரைபடத்தை ஒப்படைக்கவேண்டிய ஓர் இரவில் அழைத்தான்.

“மாமா, வாங்கி மூணு மாசம்கூட ஆகல. படம் நகரவே மாட்டேங்குது. கெட்டுப்போச்சா?”

கெடவில்லை. முப்பரிமாண வரைபடம் கணினிச் சில்லை ஓயாமல் உழைக்க வைக்கும், சில்லு சூடாகும். சூட்டை வெளியேற்றப் பெரிய விசிறியும் காற்று போக இடமும் வேண்டும். மெலிந்த உடலில் இரண்டுக்கும் இடம் குறைவு. அதனால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. குளிரூட்டி இல்லாத வீவக அறையில், நம் ஊர்ப் புழுக்கத்தில், கேட்கவே வேண்டாம். மெத்தையில் இருந்த கணினியை மேசைக்கு மாற்றி, பின்பக்கத்தை இரண்டு புத்தகங்கள்மேல் உயர்த்தி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடச் சொன்னேன். அதிகாலை நான்கு மணிக்கு ‘முடிஞ்சது மாமா’ என்று குறுஞ்செய்தி வந்தது.

தயாரிப்பாளர்களும் இதைப் பட்டுத்தான் உணர்ந்தார்கள். மெலிவுக்காக 2015ல் ஆப்பிள் கொண்டுவந்த விசைப்பலகையில் விசைகள் சிக்கிக்கொள்வதாகப் புகார்கள் எழுந்தன. 2018ல் அந்நிறுவனம் இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தது. 2019 இறுதியில் பழைய வகைக்குத் திரும்பத் தொடங்கியது. 2020ல் வந்த எம்1 மேக்புக் ஏர் விசிறியே இல்லாமல் நன்றாக ஓடுகிறதென்றால், அதன் சில்லு குறைந்த மின்சாரத்தில் வேலை செய்வதுதான் காரணம்.

பிள்ளைகளுக்குக் கணினி வாங்கப் போகும் பெற்றோர், அதில் என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கட்டுரை எழுத, பாடம் பார்க்க என்றால் மெலிந்ததே போதும். வரைகலை, காணொளித் தொகுப்பு என்றால், அரை மணி நேரம் தொடர்ந்து உழைத்தபின் வேகம் எப்படி என்று சொல்லும் மதிப்புரைகளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எடை அரைக் கிலோ கூடினால் பரவாயில்லை, பை தாங்கும்.