பாட்டி கட்டிய பந்தயம்!

விடியற்காலை ஐந்தரை மணிக்கு நீங்கள் கடைசியாக எழுந்தது எப்போது? செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின நாள் என்று சொன்னால் செல்லாது. அது எழுந்தது இல்லை, தூங்காமல் இருந்தது!

ஒரே ஒரு நாள் அலாரம் வைத்து எழுந்து, மதுரை ரேஸ் கோர்ஸில் இருக்கும் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்துக்கு வாங்களேன். டீக்கடை பாய்லர் சூடாகிக்கொண்டிருக்கும். டி.வி.எஸ். வண்டியின் முன்பக்கம் ஒரு குட்டிப் பையன், பின்னால் அவன் அக்கா, நடுவில் அப்பா என்று சின்னச் சின்னக் குடும்பங்களாக வந்து இறங்குவார்கள். பையன் பாதித் தூக்கத்தில் இருப்பான். ஷூ லேஸை அப்பாதான் கட்டிவிடுவார். உள்ளே சிந்தெட்டிக் டிராக். பெயரில்தான் ரேஸ் கோர்ஸ், குதிரை கிடையாது. ஓடுவது எல்லாம் பிள்ளைகள். கேலரியில் உட்கார்ந்திருக்கும் அப்பா, அம்மாக்களின் மனசு அவர்களைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்.

'நான் என்னத்துக்கு அங்க வரணும்?' என்கிறீர்களா? காரணம் இருக்கு. காலேஜில் படிக்கிறீர்கள் என்ற ஒரே பாவத்துக்காக, வீட்டில் உங்களிடம் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். அக்கா போன் போடுவார். "இவனை ஷட்டில் கிளப்ல சேக்கலாமா? எதிர்வீட்டுப் பையன் டிஸ்ட்ரிக்ட் லெவல் போயிட்டானாம். ஃபீஸு, ராக்கெட்டு, ஷூன்னு அம்புட்டு செலவாகும்போல. மாமா வேணாங்கிறாரு. நீ சொல்லு, சேத்தா புண்ணியமா, இல்ல காசுக்குக் கேடா?"

எனக்கு அப்படி ஒரு போன் வந்தது. உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்த ஒரு நாள் டூர். நீங்களும் கூடவே வாருங்கள்.

ஸ்டாப் ஒன்று: ரேஸ் கோர்ஸ்

முன்பெல்லாம் மதுரையில் விளையாட்டு என்றால் தெருவில் கிரிக்கெட், கண்மாய்க் கரையில் கபடி. இப்போது நிலவரமே வேறு. 2025 நவம்பர், டிசம்பரில் ஆண்கள் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதற்கான சர்வதேச ஹாக்கி அரங்கம் நம்ம ரேஸ் கோர்ஸில்தான் எழும்பியது. மைதானம் வரும்போது அகாடமி வரும், அகாடமி வந்தால் ஃபீஸ் வரும். ஃபீஸ் கட்டிய அப்பாவுக்கு எதிர்பார்ப்பு வராமல் இருக்குமா?

ஷட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இறகுப் பந்தில் 16 இறகு. நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் ஒரே மேட்சில் சில பந்துகளைக் காலி பண்ணிவிடுவார்கள். ராக்கெட் கம்பி அறுந்தால் திரும்பக் கட்ட வேண்டும். வெளியூர் டோர்னமென்ட் என்றால் பையனோடு ஒரு ஆள் போக வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைக்குச் சம்பளம் கட். இந்தச் செலவு எந்த அகாடமி நோட்டீஸிலும் இருக்காது.

ஆனாலும் கட்டுகிறார்களே, ஏன்? ஜெர்லின் அனிகா மாதிரி ஒரு பெண் இதே ஊரில் இருந்து கிளம்பியதால்தான். காது கேளாத ஜெர்லின், 8 வயதில் ராக்கெட் பிடித்தவர். 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்ஸில் ஒற்றையர், கலப்பு இரட்டையர், குழு என மூன்று தங்கம் அள்ளினார். அப்போது அவர் மதுரை அவ்வை மாநகராட்சிப் பள்ளி மாணவி! அதே வருடத்துக்கான அர்ஜுனா விருதும் வந்தது.

கேட்கும்போதே புல்லரிக்கிறது இல்லையா? ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஜெயித்தவரின் கதை மட்டும்தான் நம் காதுக்கு வரும். அதே வயதில், அதே மாதிரி ராக்கெட் வாங்கிய மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதாது. ஒரு ஜெர்லினைக் காட்டி எல்லாப் பிள்ளையையும் கோர்ட்டில் இறக்குவது, ஒருத்தருக்கு லாட்டரி விழுந்ததால் ஊரே சீட்டு வாங்கிய கதைதான்.

'மெடல் இல்லேன்னா என்ன, ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்குல்ல?' என்பீர்கள். இருக்கிறது. இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கு 500 சீட். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து 500. ரேஸ் கோர்ஸில் ஒரு காலைப்பொழுது தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் அந்த நம்பிக்கையை வையுங்கள்.

ஸ்டாப் இரண்டு: சக்கிமங்கலம்

டவுன் பஸ்ஸைப் பிடிப்போம். வண்டியூர் கண்மாய், பாண்டி கோயில், கருப்பாயூரணி என்று பஸ் கிழக்கே போகப் போக, கட்டடங்கள் குறைந்து வயல்கள் வரும். திரும்பிப் பார்த்தால் யானைமலை காலை நீட்டிப் படுத்திருக்கும். வைகைச் சமவெளி. தண்ணீர் வந்தால் நெல், வராத வருஷம் வெறும் கரட்டு மண். அந்த மண்ணை அறுத்துச் சுடும் செங்கல் சூளைகள்.

இந்தச் சக்கிமங்கலம்தான் ஒலிம்பிக் வீராங்கனை ரேவதி வீரமணியின் ஊர்.

ஏழு வயதாவதற்குள் அப்பா, அம்மா இரண்டு பேரையுமே நோய்க்குப் பறிகொடுத்தவர் ரேவதி. அவரையும் தங்கை ரேகாவையும் வளர்த்தது பாட்டி ஆரம்மாள். அடுத்தவர் வயலிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை பார்த்து வளர்த்தார். 'ரெண்டும் பொட்டப் புள்ளைக. இதுகளைப் படிக்க வெச்சு, ஓட வேற விடணுமா? வேலைக்கு அனுப்பு' என்கிற மாதிரி சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை.

பள்ளிப் போட்டி ஒன்றில் இந்தப் பெண் வெறுங்காலோடு ஓடுவதைப் பார்க்கிறார் பயிற்சியாளர் கண்ணன். ரேஸ் கோர்ஸில் பயிற்சி கொடுக்கும் அரசுப் பயிற்சியாளர். 'அங்கே வாம்மா' என்று கூப்பிட்டால் வந்துவிடலாமா? பஸ்ஸுக்குக் காசு? பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். லேடி டோக் கல்லூரியில் சீட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் வழி பண்ணினார். 2016-ல் தேசிய ஜூனியர் போட்டியில்கூட ரேவதி வெறுங்காலில்தான் ஓடினார். அதற்கப்புறம்தான் ஷூ, சாப்பாடு எல்லாம் ஒழுங்கானது.

ஒரு தகவலை மட்டும் மனசில் வையுங்கள். அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்ற திட்டம் 2021 மே மாதம் வந்தது. ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் போனது 2021 ஜூலை. பஸ் காசுப் பிரச்னைக்கு அரசாங்கம் விடை கண்டுபிடித்த இரண்டே மாதத்தில் அந்தப் பெண் ஜப்பான் வரைக்கும் போய்விட்டார்!

இப்போது அக்காவின் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். அண்ணா நகர் வீட்டில் அது ஃபீஸ் கேள்வி. சக்கிமங்கலத்தில் அது பஸ் காசு, ஊர்வாய், ஒரு நாள் கூலி எல்லாம் சேர்ந்த கேள்வி. பணத்தால் ஜெயிக்கிற பந்தயம் இல்லை ஆரம்மாள் கட்டியது. அவரிடம் பணமே கிடையாது. அவர் கட்டியது 'பேத்தி ஓடட்டும்' என்ற ஒரு வார்த்தையை.

ஸ்டாப் மூன்று: லேடி டோக்

திரும்பவும் ஊருக்குள் வருவோம். தல்லாகுளம் பக்கம், மரங்களுக்கு நடுவே 1948-ல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி. உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும், எனவே பாய்ஸ், வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்!

இங்கே தங்கிப் படித்துக்கொண்டேதான் ரேவதி ஓடினார். ஆரம்பத்தில் அவர் ஓடியது 100, 200 மீட்டர். அப்புறம்தான் 400 மீட்டருக்கு மாறினார். 2021 ஜூலை 4, பாட்டியாலாவில் தேர்வு ஓட்டம். 53.55 விநாடியில் முதலிடம். ஒலிம்பிக் கலப்பு 4x400 ரிலே அணியில் இடம். ஜூலை 30, டோக்கியோவில் அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் நால்வரும் ஓடி முடித்தபோது நேரம் 3 நிமிடம் 19.93 விநாடி.

எட்டு அணிகள் ஓடிய அந்த ஹீட்டில், இந்தியா எட்டாவது.

'அப்போ இம்புட்டுப் பாடும் வேஸ்ட்டா?' அதற்குப் பதில், மெடலைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணிப் பார்த்தால் தெரியும். கையில் ஒரு பட்டப்படிப்பு. ரயில்வேயில் வேலை. செங்கல் சூளைக்குப் போயிருக்க வேண்டிய பெண் என்று ஊர் தீர்மானித்தவர், மதுரை கோட்டத்தில் டிக்கெட் பரிசோதகர். தங்கை ரேகா சென்னையில் போலீஸ். பாட்டி கட்டிய பந்தயம், டோக்கியோவில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே ஜெயித்துவிட்டது. கண்ணன் முதலில் ஏற்பாடு செய்தது ஷூ இல்லை. காலேஜ் சீட்டும் ஹாஸ்டலும். ஒரு நல்ல கோச் எப்படி இருப்பார் என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் இதுதான். ஓட்டம் நின்றுபோனாலும் இந்தப் பிள்ளை நிற்க ஒரு இடம் வேண்டுமே என்று யோசிப்பவர்.

எட்டு வயசுல என்ன அவசரம்?

கொஞ்சம் தூரமாக நார்வே வரைக்கும் போய்விட்டு வந்துவிடலாம். மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி 30 லட்சத்துக்கும் மேல். நம்ம மாதிரி இரண்டு மாவட்டம் சேர்ந்தால் நார்வேயை மிஞ்சிவிடும். அங்கே 13 வயதுக்குள் தேசிய சாம்பியன்ஷிப்பே கிடையாது. 11 வயதுக்குள் ரேங்க் பட்டியல் போடக் கூடாது. 'பிள்ளை விளையாடட்டும், எண்ணிக்கை அப்புறம்' என்பது அவர்கள் சட்டம். விளைவு? 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் 16 தங்கத்தோடு பட்டியலில் முதலிடம்!

ரேவதி ஓடிய அதே டோக்கியோ டிராக்கில், நான்கு நாள் கழித்து 400 மீட்டர் தடை ஓட்டத்தை 45.94 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்த கார்ஸ்டன் வார்ஹோம், நார்வேக்காரர். சின்ன வயதில் அவர் ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று எல்லாவற்றையும் கலந்து விளையாடியவர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2016-ல் இதைத்தான் சொன்னது. ஒரே விளையாட்டை மட்டும் பிடித்துக்கொள்வதை 15, 16 வயது வரை தள்ளிப் போடுங்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது உடம்புக்கு லீவு கொடுங்கள் என்று. வளரும் எலும்பையும் மூட்டையும் ஒரே மாதிரி அசைவில் தினமும் வதைத்தால் காயம்தான் மிஞ்சும். மனசும் சலித்துவிடும். நம்ம ரேவதி பள்ளிக்கூடக் கடைசி வருடங்களில்தான் முறையான பயிற்சிக்கே வந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நானும் ஒரு 'எக்ஸ் பிளேயர்'தான். பள்ளி வாலிபால் டீமில் இருந்தேன். பத்தாம் வகுப்பு வந்ததும், 'பரீட்சை முடியிற வரைக்கும் பந்தைத் தொட்டே, பிச்சுப்புடுவேன்' என்றார் அப்பா. பரீட்சை முடிந்தது, பிளஸ் டூ வந்தது, பந்து திரும்ப வரவேயில்லை. நான் இந்தியாவுக்கு ஆடியிருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மாவட்டத்துக்கே சந்தேகம். ஆனால் தோற்றுவிட்டு ஆறு பேர் ஒரே தட்டில் புரோட்டா பிய்த்துத் தின்று சிரித்த அந்தச் சாயங்காலங்கள் இருக்கே, அது எந்த மார்க் ஷீட்டிலும் திரும்பக் கிடைக்கவில்லை. உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை இருக்கும். பெண்கள் என்றால் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கும். உங்களை நிறுத்தியது பத்தாம் வகுப்புகூட இல்லை, வயசுக்கு வந்தது!

சேர்க்கும் முன் அக்காவிடம் கேளுங்கள்

* ஆசை யாருடையது? பையனுடையதா, எதிர்வீட்டுப் பையனைப் பார்த்து வந்ததா?
* கோச் முதலில் பேசுவது எதைப் பற்றி? மெடலா, பிள்ளையின் படிப்பு, தூக்கம், சாப்பாடா?
* ஃபீஸ் தவிர மற்ற செலவு எவ்வளவு? அதற்காகத் தங்கச்சிப் பாப்பாவின் பங்கில் கை வைக்கிறோமா?
* முதலில் அரசு மைதானத்தைப் போய்ப் பார்த்தீர்களா?
* தோற்று வீட்டுக்கு வருகிற அன்றைக்கு என்ன சொல்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு அக்கா யோசித்தார் என்றால் நல்லது. மாமாவும் யோசித்தால் ரொம்ப நல்லது.

சாயங்காலம் ஐந்தரை. மறுபடியும் ரேஸ் கோர்ஸ். வெயில் தாழ்ந்து டிராக் செம்மண் நிறத்தில் மின்னுகிறது. கேலரியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன். "சேத்து விடுக்கா. ஆனா ஆறு மாசத்துக்குப் போட்டி, கீட்டின்னு பேச்சே எடுக்காத. வாரம் மூணு நாள் போதும். மிச்ச நாள் தெருவுல பயலுகளோட ஆடட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் கவனி. கிளம்புற நேரத்துல யாரு முதல்ல ஷூவைத் தேடுறாங்கன்னு பாரு. அவன் தேடினா, கடன் வாங்கியாவது அனுப்பு. நீ தேடிக் குடுக்க வேண்டியிருந்தா, அன்னிக்கே நிறுத்திரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அக்கா கேட்டார்.

"ஏண்டா, பாப்பாவையும் சேத்து விடவா? அவதான் தினமும் அவன் ஷூவைப் போட்டுக்கிட்டு வாசல்ல ஓடுறா!"