பொம்மைகள் கண் திறந்த கரை: சாவி கொடுத்த தகரப் பொம்மை ஆஸ்கர் வாங்கிய கதை

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே சுமார் அரை மணி நேரம் காரில் போனால் சான் ரஃபேல். கலிஃபோர்னியாவின் மரின் கவுன்ட்டியில் இருக்கிற ஊர். ஒருபக்கம் மலை, இன்னொரு பக்கம் வளைகுடா. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் மலைப்பக்கம் போய்விடுவார்கள். வளைகுடா ஓரமாக, நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் கெர்னர் பொலிவார்டு பக்கம் அவர்களுக்கு வேலை இருக்காது. பட்டறைகளும் கிடங்குகளும் அலுவலகங்களும் நிறைந்த தெரு அது.

ஆனால், இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் பார்க்கும் கம்ப்யூட்டர் அனிமேஷன் படங்களின் வேர் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ புகழ் ஜார்ஜ் லூகாஸின் தந்திரக்காட்சி நிறுவனம் பல ஆண்டுகள் இங்கேதான் இயங்கியது. ரசிகர்கள் கூட்டம் கூடிவிடக் கூடாது என்பதற்காக வாசலில் ‘கெர்னர் கம்பெனி - ஆப்டிகல் ரிசர்ச் லேப்’ என்று சம்பந்தமே இல்லாத ஒரு பெயர்ப்பலகையை மாட்டி வைத்திருந்தார்கள்!

லூகாஸின் கம்ப்யூட்டர் பிரிவை 1986 பிப்ரவரியில் வாங்கினார் ஸ்டீவ் ஜாப்ஸ். ஆப்பிளை விட்டு வெளியேறி ஓர் ஆண்டுகூட ஆகாத நேரம் அது. லூகாஸுக்கு 50 லட்சம் டாலர், புது நிறுவனத்தின் முதலீடாக இன்னொரு 50 லட்சம் டாலர். சுமார் 40 பேரோடு பிறந்தது பிக்சார்.

விளம்பரத்துக்காக ஒரு விளக்கு

பிக்சார் அப்போது சினிமா கம்பெனி இல்லை. அது விற்றது கம்ப்யூட்டர். ‘பிக்சார் இமேஜ் கம்ப்யூட்டர்’ என்ற அந்த இயந்திரத்தின் விலை 1,35,000 டாலர். மருத்துவமனைகளும் அரசுத் துறைகளும் வாங்கும் என்று நம்பினார்கள். ‘எங்கள் தொழில்நுட்பத்தால் என்னவெல்லாம் முடியும் பாருங்கள்’ என்று காட்டுவதற்குத்தான் குறும்படங்கள். அவற்றை எடுத்தவர் ஜான் லாசெட்டர், டிஸ்னியிலிருந்து வேலை போய் வந்தவர்.

அன்றைய கம்ப்யூட்டருக்குத் தோல், முடி, துணி எதுவும் சரியாக வராது. உலோகமும் பிளாஸ்டிக்கும்தான் நம்பும்படி வரும். அதனால் கதாபாத்திரங்களும் அந்த வகையிலேயே அமைந்தன. லாசெட்டரின் மேஜையில் இருந்த விளக்கே முதல் நாயகன் ஆனது. சக ஊழியர் ஒருவர் தன் கைக்குழந்தையை அலுவலகத்துக்குத் தூக்கி வந்தபோது, உடம்புக்குத் தலை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கவனித்தார் லாசெட்டர். அந்தக் கணக்கில் ஒரு குட்டி விளக்கை உருவாக்கினார். அப்படி வந்ததுதான், 1986-ல் வெளியான இரண்டு நிமிடப் படம் ‘லக்ஸோ ஜூனியர்’. குட்டி விளக்கு பந்து விளையாடும். பெரிய விளக்கு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

டல்லாஸில் நடந்த கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டில் படத்தைப் பார்த்துவிட்டு நிபுணர் ஒருவர் லாசெட்டரை நோக்கி வந்தார். நிழல் எப்படி விழவைத்தீர்கள் என்று கேட்கப்போகிறார் என நினைத்தார் லாசெட்டர். அவர் கேட்டதோ, அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா என்று. தொழில்நுட்பம் தெரிந்தவரே அதை மறந்து கதைக்குள் போய்விட்டார்!

அடுத்த ஆண்டு ‘ரெட்ஸ் ட்ரீம்’. மழை கொட்டும் இரவில், கடை மூலையில் தள்ளுபடி அட்டையோடு விலைபோகாமல் கிடக்கும் ஓர் ஒற்றைச் சக்கர சைக்கிள், தான் சர்க்கஸில் கைத்தட்டல் வாங்குவதாகக் கனவு காணும். விழித்தால் மறுபடியும் அதே மூலை. அந்த நேரத்தில் பிக்சாரின் கம்ப்யூட்டரும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

யோகோஹாமாவில் கிடைத்த பொறி

1987-ல் ஜப்பான் சென்ற லாசெட்டர், யோகோஹாமாவில் உள்ள தகரப் பொம்மை அருங்காட்சியகத்துக்குப் போனார். போருக்குப் பிறகு ஜப்பான் உலகெங்கும் ஏற்றுமதி செய்த, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைகளின் உலகம் அது. கம்ப்யூட்டருக்கும் தகரம்தானே நன்றாக வரும்! ‘டின்னி’ பிறந்தான். முதுகில் டிரம், கையில் அக்கார்டியன் என ஒரே ஆளாகக் கச்சேரி செய்யும் தகரப் பொம்மை.

ஆனால், பணம்? 1988-ல் பிக்சாரில் செலவைக் குறைக்கும் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. வருமானம் தராத அனிமேஷன் பிரிவின் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. லாசெட்டர் கதையைப் படம் படமாகச் சுவரில் ஒட்டி ஜாப்ஸுக்கு நடித்துக் காட்டினார். அதைப் பார்த்த ஜாப்ஸ் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். அந்த ஆகஸ்டில் அட்லாண்டா மாநாட்டில், முழுதாக முடியாத நிலையிலேயே ‘டின் டாய்’ முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

படம் வெறும் ஐந்து நிமிடம். புதிதாக வந்த டின்னி, குழந்தை பில்லியை ஆசையோடு பார்க்கிறான். பில்லியோ கையில் கிடைத்த பொம்மையை வாயில் வைத்துச் சப்புகிறான், வீசி எறிகிறான். டின்னிக்கு நடுக்கம் வந்துவிடுகிறது. ஓடலாம் என்றால், அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் டிரம் அடிக்கிறது! எப்படியோ சோபாவுக்கு அடியில் புகுந்தால், அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டமே பயந்து ஒளிந்திருக்கிறது.

அப்போது பில்லி தடுக்கி விழுந்து அழுகிறான். அடி வாங்குவோம் என்று தெரிந்தே டின்னி வெளியே வருகிறான். விளையாட்டுக் காட்டி அழுகையை நிறுத்துகிறான். கடைசியில் குழந்தைக்குப் பிடித்தது பொம்மை அல்ல, பொம்மை வந்த அட்டைப்பெட்டி. குழந்தை உள்ள வீட்டில் இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்று பார்த்தால் பில்லியின் முகம் கொஞ்சம் பயமுறுத்தும். டயப்பர் சிமென்ட்டில் வார்த்ததுபோல இருக்கும். தகரப் பொம்மையிடம் இருக்கும் உயிர் மனிதக் குழந்தையிடம் இருக்காது. ஆனாலும் 1989-ல் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் ‘டின் டாய்’க்குக் கிடைத்தது. கம்ப்யூட்டர் அனிமேஷன் படம் ஒன்று ஆஸ்கர் வென்றது அதுவே முதல்முறை.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

சான் ரஃபேலிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் நீளப் பாலம் ஒன்று வளைகுடாவைக் கடந்து ரிச்மண்ட் நகருக்குப் போகிறது. 1990-ல் பிக்சார் தன் கம்ப்யூட்டர் வன்பொருள் பிரிவை விற்றது. அலுவலகத்தையும் பாலத்துக்கு அப்பால் உள்ள பாயின்ட் ரிச்மண்டுக்கு மாற்றியது. பழைய செங்கல் கட்டடங்களும், 1926-ல் கட்டிய உள்ளரங்க நீச்சல்குளமும், சிறிய கடற்கரையும் கொண்ட குட்டி ஊர் அது. பக்கத்திலேயே பிரமாண்டமான எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை.

ஆஸ்கரைப் பார்த்து டிஸ்னி கூப்பிட, 1991-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. டின்னியையே நாயகனாக்கி எழுதிய கதை மாறி மாறி, கடைசியில் வுடி, பஸ் என்ற இரு நண்பர்களின் கதையாக நின்றது. சுத்திகரிப்பு ஆலைக்கு அருகிலிருந்த அந்த அலுவலகத்தில்தான், உலகின் முதல் முழுநீளக் கம்ப்யூட்டர் அனிமேஷன் படமான ‘டாய் ஸ்டோரி’ உருவானது. வெளியான நாள் 1995 நவம்பர் 22. அதுவரை ஜாப்ஸ் பிக்சாரில் போட்ட பணம் சுமார் 5 கோடி டாலர்.

2000-ல் பிக்சார் இன்னும் தெற்கே எமரிவில்லுக்குப் போய்விட்டது. மெக்கார்தர் ரயில் நிலையத்திலிருந்து எமரிவில்லுக்கு இலவசப் பேருந்து உண்டு. பிக்சார் வளாகத்துக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வளாகத்துக்குள் நிற்கும் ராட்சத லக்ஸோ விளக்கையும் பந்தையும் வெளியிலிருந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

டின்னியைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ‘டாய் ஸ்டோரி’யில் வுடி மற்ற பொம்மைகளைக் கூட்டிவைத்து மீட்டிங் நடத்தும் காட்சியில் படத்தை நிறுத்துங்கள். அவனுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் அடுக்கியுள்ள புத்தகங்களின் முதுகைப் படியுங்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு, ‘டின் டாய்’.