ஆறட்டும்

உதகையில் காந்தல் பக்கத்தில் பாயின் மெக்கானிக் ஷெட் அது. காலையில் புல்லின் மேல் கிடந்த உறைபனி உருகி வாசல் சேறாகியிருந்தது. வெயில் விழும் இடமாகப் பார்த்துப் பெஞ்சை இழுத்துப் போட்டிருந்தார்கள். நானும் அதில் ஓர் ஓரம். திருப்பூர் வண்டி ஒன்று வந்து நின்றது. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய சின்னக் கார். பின்சீட்டில் ஒரு பாட்டி. கம்பளிக்கு மேல் சால்வை, சால்வைக்கு மேல் பேத்தியின் ஸ்வெட்டர்.

"ஹீட்டர் வேலை செய்யலீங்க பாய். அம்மா நடுங்கிட்டே வர்றாங்க. புது ஹீட்டர்தான் போடணுங்களா?"

பாய் பதில் சொல்லாமல் பானட்டைத் தூக்கினார். கார்க்காரர் உதவுகிற நினைப்பில் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். பாய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. "ஆறட்டுங்க" என்றார், அவ்வளவுதான். சூட்டில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிற தண்ணீர், மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற இந்த ஊரில் தண்ணீர் கொதிக்க 100 டிகிரிகூட வேண்டாம், 93-க்குள்ளேயே கொதித்துவிடும்.

டீ வந்தது. ஆறுகிற நேரத்தில் பாய் ஒன்றொன்றாகக் கேட்டார்.

"சூடு எப்ப வருது? நிக்கிறப்பவா, ஓடுறப்பவா?"

"நின்னா கொஞ்சம் வருதுங்க. ஓட்டினா ஜில்லுனு ஆயிருது."

"டெம்பரேச்சர் முள்ளு?"

"எப்பவும் அடியிலதாங்க கெடக்கும். நம்ம வண்டி ஹீட்டே ஆகாது." இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை.

"மைலேஜ்?"

பெருமை இறங்கிவிட்டது. "கொறஞ்சுதான் போச்சுங்க."

பாய் பின்னால் போய் சைலன்சர் வாயில் விரலை விட்டுத் துடைத்தார். கரி. எஞ்சின் குளிர்ந்தே கிடந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகும். அந்தக் கரி அதன் கணக்கு. ஆயில் மூடியைத் திறந்து அடியைப் பார்த்தார். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வெளுக்கவில்லை. கூலண்டும் குறையவில்லை.

நன்றாக ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ரேடியேட்டரின் மேல் ஓஸ் பைப்பை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பரிசோதனைக்குக் கருவி கிடையாது, பொறுமைதான். தெர்மோஸ்டாட் வால்வு சரியாக இருந்தால் அந்தப் பைப் சில நிமிஷம் பச்சைத் தண்ணீராகவே இருக்கும். எஞ்சின் 80-ஐத் தாண்டியதும் வால்வு திறந்து சட்டென்று சுடும். இங்கே முதலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறிக்கொண்டிருந்தது. அடுத்து, ஹீட்டருக்குள் போகிற பைப், திரும்புகிற பைப் இரண்டையும் தொட்டார். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் அடைப்பு. இரண்டிலும் ஒரே இளஞ்சூடு.

"ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் போற தண்ணிதான் சூடாகல."

ஹீட்டருக்கென்று தனி அடுப்பு இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் குட்டி ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. எஞ்சினின் வெந்நீர் அதற்குள் ஓட, அதன் மேல் காற்று வீசுகிறது. மலையேறும்போது வண்டி கொதித்தால் ஜன்னலை இறக்கி ஹீட்டரை முழுசாகத் திருப்பச் சொல்லும் பழைய டிரைவர்களின் உபாயம் இதனால்தான் பலிக்கிறது.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டு போல்ட்டைக் கழற்றி வால்வு உட்காரும் கூட்டைத் திறந்தார். காலி.

"இங்க இருந்த வால்வு எங்க?"

"அதுங்களா... போன வருஷம் சிக்னல்ல நின்னா வண்டி ஹீட் ஆச்சுங்க. நம்மூர் வெயிலுக்கு இது எதுக்குன்னு மெக்கானிக் கழட்டிப் போட்டுட்டாரு."

கீழ்நாட்டுப் பட்டறைகளில் இதை நானும் கேட்டிருக்கிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 80, 90 டிகிரியில் ஓட வேண்டிய எஞ்சினுக்கு நம் சித்திரை வெயிலின் 40 டிகிரி வெறும் குளிர்காற்று. பாய் அந்தப் பதிலில் வேறெதையோ கேட்டுக்கொண்டார் போலிருந்தது. "சிக்னல்ல நின்னா..." என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

ஷெட் பையன் பைக்கில் போய்ப் புது வால்வு வாங்கி வந்தான். பித்தளையும் ஸ்பிரிங்கும், நடுவில் மெழுகு அடைத்த ஒரு குமிழ். ஓரத்தில் 82 என்று அச்சடித்திருந்தது. புதுசுதானே என்று பாய் விட்டுவிடவில்லை. டீக்கடையில் பாத்திரம் கேட்டு வாங்கி, தண்ணீர் வைத்து, அடியில் படாமல் வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டார். பாட்டியைத் தவிர எல்லோரும் எட்டிப் பார்த்தோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பாத்திரத்தின் அடியில் முத்து முத்தாகக் குமிழி கட்டிய சமயம் மெழுகு விரிந்து தண்டைத் தள்ள, தட்டு நகம் அளவுக்கு விலகியது. தண்ணீர் கொதிக்கும்போது நன்றாகவே வாய் திறந்திருந்தது. வெளியே எடுத்ததும் மெல்ல மூடிக்கொண்டது.

வால்வைப் பூட்டிய பிறகு வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, கூலண்ட் ஊற்றினார். எஞ்சின் ஓட ஓட, உள்ளே சிக்கிய காற்று ரேடியேட்டர் வாயில் குமிழியாக வெளியேறியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. நிற்காமல் வந்துகொண்டே இருந்திருந்தால் கேஸ்கட் மேல் மறுபடி சந்தேகம் விழுந்திருக்கும். மூடியைப் பூட்டினார். முள் பாதிக்கு வந்தது. பாட்டி முதல்முறையாகக் கையைச் சால்வைக்கு வெளியே நீட்டினார். கார்க்காரர் பர்ஸை எடுத்தார்.

பாய் உள்ளே கையை விட்டு ஹீட்டரை அணைத்தார்.

"ஏப்பா நிறுத்திட்டே?" என்றார் பாட்டி.

"ஒரு நிமிஷம்மா."

முள் பாதியைத் தாண்டி ஏறியது. ரேடியேட்டர் ஃபேன் இந்நேரம் சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை. எஞ்சினை நிறுத்தி, ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தார், விர்ரென்று ஓடியது. மோட்டார் பழுதில்லை. ஃபேன் ரிலேயைப் பிடுங்கி, பக்கத்தில் அதே மாதிரி இருந்த ஹார்ன் ரிலேயை அங்கே செருகி ஸ்டார்ட் செய்தார். முள் உயர்ந்ததும் ஃபேன் தானே பிடித்துக்கொண்டது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும். நிற்கிற வண்டிக்கு ஃபேன் வேண்டும். செத்த ரிலே ஒன்றுக்காக உயிரோடிருந்த வால்வைக் கழற்றியிருக்கிறார்கள்.

"இப்ப எல்லாம் சரிங்களா பாய்?"

பாய் ஸ்டியரிங்கை அழுத்திக் காட்டினார். ஹார்ன் அடிக்கவில்லை.

"ஹார்ன் இல்லாம மலை இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, செத்த ரிலேயைப் பையன் கையில் திணித்தார். "டேய், இதே மாதிரி ஒண்ணு. ஓடு, சாப்பாட்டுக்குக் கடையை மூடிருவான்."