பின்சக்கரம் கற்றுத் தந்த பாடம்

மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பெண்பிள்ளைகள் எழுதுவதா என்று தோழியர் சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள். இது நாங்கள் செய்த ஒரு தவற்றின் கதை.

எங்கள் அப்பா கால்நடை ஆய்வாளர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, தார்ச்சாலை முடிந்த பிறகு கல்லும் வேருமான வழியில் சிற்றூர்களுக்குச் செல்வார். கோமாரித் தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் காக்கும் பெட்டி பின்னால் கட்டியிருக்கும். அதற்கென்றே கரடுமுரடான பாதைக்கு ஏற்ற பைக் ஒன்றை வாங்கினார்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, "கல்லில் ஏறி இறங்கினால் பின்சக்கரம் உதைக்கிறது, ஆளையே முன்னால் தள்ளுகிறது" என்று அப்பா அம்மாவிடம் கூறியதை அக்காள் தங்கை இருவரும் கேட்டோம். பின்பக்க ஷாக் அப்சார்பரின் அடியில் உள்ள சிறு திருகை வலப்புறம் திருப்பினால் துள்ளல் குறையும், ஞாயிறன்று பார்க்கலாம் என்றார். நாங்கள் ஞாயிறு வரை பொறுக்கவில்லை. அப்பாவுக்கு உதவுவதாக எண்ணி, அன்றிரவே திருப்புளியை எடுத்து, அது நிற்கும் வரை திருகினோம். எத்தனை 'டிக்' ஒலி கேட்டது என்று எண்ணவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

மறுநாள் அப்பா மணிக்கட்டில் கட்டுடன் வந்தார். அடுத்தடுத்துக் கற்கள் கிடந்த இறக்கத்தில் பின்சக்கரம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. இரவு பத்து மணிக்கு அழுதுகொண்டே உண்மையைச் சொன்னோம்.

அப்பா திட்டவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. பிறகு இடக்கையால் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் வெடுக்கென்று நிமிரப் பார்க்கும். அந்த வேகத்தை அடக்குவது ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிப் புக வேண்டியிருப்பதால் வேகம் தணிகிறது. அந்த வழியைக் குறுக்கவோ அகட்டவோதான் திருகு. வழி அகன்றால் சக்கரம் உதைக்கும். மிகவும் குறுகினாலோ, ஒரு கல்லில் அமுங்கிய சக்கரம் நிமிர்வதற்குள் அடுத்த கல் வந்துவிடும். கல்லுக்குக் கல் தாழ்ந்து, கடைசியில் அமுங்க இடமின்றிக் கட்டைபோல் ஆகிவிடும், மண்ணைப் பற்றாது. "நீங்கள் செய்தது அதுதான்" என்றார்.

கை குணமாக மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை மலையூர் மாடுகள் ஊசிக்காகக் காத்திருந்தன.

பிறகு வந்த ஞாயிறன்று அப்பா திருப்புளியை எங்களிடமே கொடுத்தார். முதலில் அவர் ஏறி உட்கார்ந்தபோது பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்று நாடாவால் அளந்தோம். சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருந்தது. அது சரியான அளவே என்பதால் ஸ்பிரிங்கைத் தொடவில்லை. அடுத்து, திருகை மெதுவாக முழுதும் மூடி, கையேட்டில் கண்டபடி 12 'டிக்' திறந்தோம். அப்பா ஊர்க்கோடிக் கல்பாதையில் ஓட்டி வந்து, "இன்னும் உதைக்கிறது" என்றார். ஒரு 'டிக்' மூடினோம். அதே பாதை, அதே வேகம். மீண்டும் ஒன்று மூடினோம். 10-ஆவது 'டிக்'கில் சக்கரம் அமுங்கி, ஒரே முறை நிமிர்ந்து, அடங்கியது. அப்பா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியிட்டு நோட்டில் எழுதினோம்.

உதவ வேண்டும் என்ற ஆசை நல்லதுதான். அது மட்டும் போதாது என்று அறிந்துகொண்டோம். அப்பாவின் மணிக்கட்டு மழைநாளில் இன்னும் வலிக்கிறது. அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நாங்கள் இருவரும் எழுதிக் கையொப்பமிட்ட வரி இது: "கேட்காமல் தொடமாட்டோம், எண்ணாமல் திருகமாட்டோம்."

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு