மார்ச்சில் மிச்சம் வைத்த பணம்

ஆய்வுத் திட்டங்களை நடத்திப் பழகிய மூத்த பேராசிரியர்கள் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களுக்குச் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று உண்டு: மார்ச் மாதத்தில் மானியத்தை முழுவதும் செலவழித்துவிடாதே. அடுத்த தவணை ஏப்ரலில் வந்து சேராது. ஜூன் ஆகலாம், ஆகஸ்டும் ஆகலாம். அதுவரை திட்டத்தில் பணிபுரியும் இளநிலை ஆய்வாளருக்கு மாதந்தோறும் உதவித்தொகை தர வேண்டும். ஆகவே மூன்று மாதத் தொகையைக் கணக்கில் மிச்சம் வை. இந்த அறிவுரை எந்த விதிநூலிலும் எழுதப்பட்டதன்று. தேநீர் வேளையில் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லி வந்தது. பல ஆண்டுகள் பல ஆய்வாளர்களின் வாடகையையும் சாப்பாட்டையும் காப்பாற்றிய அறிவுரை அது.

வடஇந்தியாவில் உள்ள ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் பணியாற்றும் உதவிப் பேராசிரியை ஒருவர் 2023 மார்ச்சில் இந்த அறிவுரையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினார். நன்னீர்ப் பாசிகளைப் பற்றிய அவருடைய முதல் ஆய்வுத் திட்டம் அது. வேதிப்பொருள்களுக்கும் நொதிகளுக்கும் தயாராக இருந்த கொள்முதல் ஆணையை நிறுத்திவைத்தார். அன்றைய கணக்கில் இளநிலை ஆய்வாளருக்கு வீட்டு வாடகைப் படி நீங்கலாக மாதம் 31,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு 93,000 ரூபாய். அந்தத் தொகை பத்திரமாக இருப்பதாக எண்ணி, ஆண்டுக் கணக்கை முடித்துக் கையெழுத்திட்டார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை. ஏதோ கணினிப் பிழை என்றுதான் அவர் முதலில் எண்ணினார். பிழை எதுவும் நிகழ்ந்திருக்கவில்லை. விதி மாறி ஓராண்டு கடந்திருந்தது.

மத்திய அரசின் நிதி அமைச்சகத்தில் உள்ள செலவினத் துறை 2022 மார்ச் 9 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. அதற்கு முன்பு மானியத் தவணை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கே வந்து சேரும்; செலவாகாத தொகை, உரிய ஒப்புதலோடு அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்படும். புதிய முறையில், பெரிய திட்டங்களைப் பொறுத்தவரை, பணம் ரிசர்வ் வங்கியிலேயே இருக்கும். பல்கலைக்கழகத்துக்குக் கிடைப்பது செலவழிப்பதற்கான ஒரு வரம்பு மட்டுமே. அதன் பெயரில் உள்ள துணைக் கணக்கின் இருப்பு எப்போதும் சுழியம். பொருள் விற்றவருக்கோ ஆய்வாளருக்கோ பணம் செல்ல வேண்டிய கணத்தில்தான் அது அரசின் கணக்கிலிருந்து நகரும். மார்ச் 31க்குள் பயன்படுத்தப்படாத வரம்பு காலாவதியாகிவிடும். புதிய நிதியாண்டில் மீண்டும் கோர வேண்டும். மீண்டும் காத்திருக்க வேண்டும்.

விதியின் நோக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாடெங்கும் எண்ணற்ற வங்கிக் கணக்குகளில் அரசுப் பணம் உறங்கிக்கிடக்க, அதே அரசு வெளியே கடன் வாங்கி வட்டி கட்டுவது நல்ல நிர்வாகம் ஆகாது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளும், மானியத்தில் ஈட்டிய வட்டியைத் திருப்பிச் செலுத்தச் சொல்லி அந்தத் திசையையே காட்டின. விதி சரியா தவறா என்பது வேறு விவாதம். ஓராண்டுக்கு முன்பே வெளியான விதி, அதன்படி நடக்க வேண்டியவருக்கு ஏன் தெரியவில்லை என்பதே இங்குள்ள கேள்வி.

ஆணை வராமல் இல்லை. நிதி அமைச்சகத்திலிருந்து மானியம் வழங்கும் துறைக்கும், அங்கிருந்து பதிவாளருக்கும், பதிவாளரிடமிருந்து நிதி அலுவலருக்கும் முறைப்படி வந்தது. நிதி அலுவலர் ‘அனைவருக்கும் சுற்றுக்கு விடுக’ என்று குறிப்பெழுதினார். துறைத் தலைவரின் அலுவலகம் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் இட்டது. ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கும் ஒரு கருத்தரங்க அழைப்புக்கும் இடையில், பல பக்கங்கள் கொண்ட ஆணை சற்றே சாய்ந்த படங்களாக வந்து மேலே நகர்ந்து மறைந்தது. மத்தியத் துறைத் திட்டங்களின் நிதிப் போக்குக்கான திருத்திய நடைமுறை என்பது அதன் தலைப்பு. ஆய்வு என்ற சொல் தலைப்பில் இல்லை. பல்கலைக்கழகம் என்ற சொல்லும் இல்லை. உதவித்தொகை என்பதும் இல்லை. வகுப்புக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியர் அதைத் திறந்து பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

ஆணை எல்லா மேசைகளையும் கடந்து வந்தது. ஒவ்வொரு மேசையும் அதை அடுத்த மேசைக்கு அனுப்பித் தன் கடமையை முடித்துக்கொண்டது. அனுப்புவதும் தெரிவிப்பதும் ஒன்றே என்று அலுவலகங்கள் நம்புகின்றன. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை அந்த ஆண்டு கடந்தவர் அந்த இளநிலை ஆய்வாளர்தான்.

அவருக்கு ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களும் உதவித்தொகை வரவில்லை. நிறுத்திவைத்த கொள்முதலுக்கான வரம்பும் போயிருந்ததால் சோதனைக்கூடத்தில் செய்வதற்கும் அதிகம் இல்லை. ஊரிலிருந்த தாய் சீட்டு எடுத்து அனுப்பிய பணத்தில் அவர் அறை வாடகை கட்டினார். இதற்கிடையே 2023 ஜூனில் ஒரு நல்ல செய்தி வந்தது: இளநிலை ஆய்வாளர்களின் உதவித்தொகை அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் கணக்கிட்டு 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சக ஆய்வாளர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். காகிதத்தில் அவருடைய வருமானம் மாதத்துக்கு 6,000 ரூபாய் உயர்ந்த அந்த வேளையில், கையில் வருமானம் என்று எதுவும் இருக்கவில்லை. ஜூலையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது, போய்விட்டார். ஆகஸ்டில் நிலுவை முழுவதும் அவருடைய வங்கிக் கணக்கில் சேர்ந்தது. நெட் தேர்வில் தேறிய, நுண்ணோக்கியில் பாசி இனங்களைக் கண்ட மாத்திரத்தில் பிரித்தறியக் கற்றிருந்த ஓர் ஆய்வாளரை அந்தத் திட்டம் இழந்தது.

பேராசிரியையை உறுத்தியது ஒன்றுதான். அலட்சியத்தால் நேர்ந்த இழப்பாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆய்வாளரைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறையால் செய்த காரியமே ஆய்வாளரைக் கைவிட்டது. கொள்முதலை மார்ச் நடுவிற்குள் முடித்து, வரம்பை முழுமையாகப் பயன்படுத்தி, ஏப்ரல் முதல் வாரத்திலேயே பயன்பாட்டுச் சான்றிதழை அனுப்பி அடுத்த தவணையைக் கோரியிருந்தால் வேதிப்பொருள்களாவது கைக்கு வந்திருக்கும், காத்திருப்பும் குறைந்திருக்கும். பழைய விதியில் விவேகமாக இருந்தது புதிய விதியில் பிழையாக மாறியிருந்தது. வாய்மொழியாக வரும் அறிவுரைக்கு இதுவே பெரிய குறை: எந்த நாள் வரை அது செல்லும் என்று அதில் எழுதப்பட்டிருப்பதில்லை.

கேட்க வேண்டியவர் யார் என்று தேடிக்கொண்டு அவர் நிதிப் பிரிவுக்குப் போனார். ஆய்வுத் திட்டக் கணக்குகளைப் பார்த்துவந்த மூத்த எழுத்தர், ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்தவர், ஆணையை எடுத்து மேசைமீது வைத்தார். முக்கியமான வரிகளின் கீழ் பென்சிலால் கோடிட்டிருந்தது. 2022 ஏப்ரலிலேயே அவர் படித்து முடித்திருந்தார்.

“மேடம், நீங்கள் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்” என்றார்.

“கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாதே” என்றார் பேராசிரியை.

இருவரும் சொன்னது உண்மை. தெரிந்தவருக்குச் சொல்லும் கடமை விதிக்கப்படவில்லை. தெரிய வேண்டியவருக்குத் தன் அறியாமை புலப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் விதிமாற்றங்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

அந்த உரையாடலிலிருந்து அரைப்பக்கத் தாள் ஒன்று பிறந்தது. எழுத்தர் சொல்ல, பேராசிரியை எழுதினார். அதில் ஐந்து கேள்விகள் மட்டுமே இருந்தன. எது மாறியது? எந்த நாள் முதல்? யாருக்குப் பொருந்தும்? எந்த நாளுக்குள் என்ன செய்ய வேண்டும்? எந்தப் பழைய வழக்கம் இனிச் செல்லாது? ஐந்தாவது கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் பேராசிரியை. புதிய விதியைச் சொல்வதைவிடப் பழைய பழக்கத்தை நிறுத்தச் சொல்வது அவசரமானது என்பதை அவர் விலை கொடுத்துக் கற்றிருந்தார். எழுத்தருக்கு வேறொரு அச்சம்: தவறாகச் சொல்லிவிட்டால் பொறுப்பு யாருடையது? ஆகவே ஒவ்வொரு தாளின் அடியிலும் ஆணையின் எண்ணும் தேதியும் இடம்பெற்றன. மூல ஆணையே இறுதியானது என்ற வரியும் சேர்ந்தது. தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டு, பூட்டிய கண்ணாடிப் பலகைக்குப் போகாமல், ஆய்வாளர்கள் நாள்தோறும் வந்துபோகும் குடிநீர்க் குழாயின் பக்கத்தில் ஒட்டப்பட்டது. பேராசிரியர்களுக்கு மட்டும் சொன்னால் போதாது; விதியின் சுமையைச் சுமப்பவர் ஆய்வாளர் என்றால் விதியை அறியும் உரிமையும் அவருக்கு உண்டு.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் எழுதுவதற்குக் குறைவே இருக்கவில்லை. முதலில் பழைய கணக்கொன்றைத் தீர்த்தார்கள். அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 விழுக்காட்டுச் சலுகைச் சரக்கு சேவை வரி 2022 ஜூலை 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டிருந்தது. பெரும்பாலான கருவிகளுக்கு வரி 18 விழுக்காடாகியிருந்தது. 10 லட்சம் ரூபாய்க் கருவிக்கு 50,000 ரூபாய் வரி என்று திட்டமிட்டவர் 1,80,000 ரூபாய் கட்ட நேர்ந்தது. 1,30,000 ரூபாயைத் திட்டத்தின் வேறு எந்தத் தலைப்பிலிருந்து எடுப்பது என்று எவரும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. துறையில் பலருக்கும் அந்தச் செய்தியைச் சொன்னவர் கருவி விற்பனையாளர்தான். விதிகளைப் படிப்பதற்கென்றே அவருடைய நிறுவனம் ஓர் ஆளை வைத்திருந்தது.

பிறகு அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைச் சட்டம் 2024 பிப்ரவரி 5 அன்று நடைமுறைக்கு வந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிய அறிவியல் பொறியியல் ஆய்வு வாரியம் அதில் கரைந்தது. பல்லாண்டுகளாகப் பழகிய திட்டப் பெயர்கள் மாறின. புதிய திட்டங்கள் புதிய தகுதிகளோடு வந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று கூடிய சரக்கு சேவை வரி மன்றம், பல்கலைக்கழகங்கள் மானியத்தைக்கொண்டு ஆற்றும் ஆய்வுச் சேவைக்கு வரிவிலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. ஒவ்வொன்றுக்கும் குழாயடியில் ஓர் அரைப்பக்கம் ஒட்டப்பட்டது. அந்தத் துறையில் 2024 மார்ச்சிலும் 2025 மார்ச்சிலும் ஒருவரும் பணத்தை மிச்சம் வைக்கவில்லை. தவணைகள் அப்போதும் தாமதமாயின. ஆனால் தாமதம் வரும் என்று ஆய்வாளர்கள் ஜனவரியிலேயே அறிந்திருந்தார்கள். முன்கூட்டி அறிந்தவர்கள் துறைத் தலைவரிடம் போய் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலிருந்து இடைக்கால முன்பணம் கேட்டார்கள். சிலருக்குக் கிடைத்தது.

2025 மே மாத இறுதியில் எழுத்தர் ஓய்வுபெற்றார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் தொடக்கத்தில் நிதி அமைச்சகம் அறிவியல் கொள்முதலுக்கான வரம்புகளைத் தளர்த்தியது. விலைப்புள்ளி கோராமல் வாங்கும் உச்சவரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயானது. கொள்முதல் குழுவின் மூலம் வாங்கும் உச்சவரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. ஜெம் தளத்துக்கு வெளியே வாங்க அனுமதிக்கும் அதிகாரம் துணைவேந்தர்களுக்கும் இயக்குநர்களுக்கும் தரப்பட்டது. ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்த தளர்வு அது. குழாயடியில் அதற்கான தாள் ஒட்டப்படவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் 1,20,000 ரூபாய் மதிப்புள்ள வேதிப்பொருள்களுக்கு மூன்று விலைப்புள்ளிகள் திரட்டி அலைந்தார் ஓர் ஆய்வு மாணவர். எழுத்தரின் நாற்காலியில் அமர்ந்த புதியவர் பழைய வழக்கப்படியே மூன்றையும் கேட்டு வாங்கி வைத்தார். கெட்ட செய்தி மட்டும் வழியில் தொலைவதில்லை. நல்ல செய்தியும் அதே வழியில்தான் தொலைகிறது.

இரண்டு தனிமனிதர்களின் நல்லெண்ணத்தில் நடந்த காரியம் ஒருவர் விலகியதும் நின்றது. அது பணியாக வகுக்கப்பட்டிருந்தால் நின்றிருக்காது. தேர்வுக் கால அட்டவணையை எந்தப் பல்கலைக்கழகமும் நல்லெண்ணத்துக்கு விட்டுவைப்பதில்லை. அதற்கென்று அலுவலர் உண்டு, நாள் உண்டு, தவறினால் கேட்பார் உண்டு. மானிய விதிமாற்றங்களைத் தெரிவிப்பதற்கும் ஒரு மேசை, ஒரு பெயர், மாதத்தில் ஒரு நாள் போதும். ஜனவரியில் ஒரு முறை, ஆய்வாளர்களையும் அழைத்து, நிதிப் பிரிவு ஒரு மணி நேரம் பேசினால் மார்ச் மாதத்தின் பாதி விபத்துகள் நிகழாமல் போகும். இதற்குப் புதிய மானியம் எதுவும் தேவையில்லை.

பேராசிரியை இப்போது துறையின் மூத்தவர்களில் ஒருவர். புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் அவரிடம் மார்ச் மாதத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளச் சொல்கிறார்; எழுதிய தாளின் தலைப்பில் அன்றைய தேதியையும் போடச் சொல்கிறார். “இது இன்றைக்குச் சரி. அடுத்த ஆண்டும் சரியா என்று ஜனவரியில் நிதிப் பிரிவுக்குப் போய்க் கேட்டுவிடுங்கள். போகும்போது உங்கள் ஆய்வாளரையும் கூட அழைத்துப் போங்கள்.”