அப்பத்தாவின் குண்டு மிளகாய்

உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் விளைகின்ற எங்கள் உதகையில் மிளகாய் பயிரிடுகிறோம் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊர் இது. மிளகாயோ வெயில் கேட்கும் செடி. ஆயினும் சென்ற ஆண்டு முழுவதும் அக்காள் தங்கை நாங்கள் இருவரும் ஐந்து மிளகாய்ச் செடிகளுக்குத் தாதியராய் இருந்தோம்.

காரணம் எங்கள் அப்பத்தா. தாத்தா இறந்தபின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இராமநாதபுரம் சீமையிலிருந்து எங்களோடு இருக்க வந்தவர்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்களே தவிர, பேச்சு இல்லை. அவர்கள் துணியில் முடிந்து கொண்டுவந்ததெல்லாம் குண்டு மிளகாய் வற்றல்தான். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றதே, அந்த முண்டு மிளகாய். குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். "இதை ஊன்றிப் பார்ப்போமா அப்பத்தா?" என்று கேட்டோம். "இந்தக் குளுருக்கா?" என்றார்கள். ஆனாலும் முடிச்சை அவிழ்த்தார்கள்.

பிப்ரவரியில் மண்ணில் போட்ட விதை மூன்று வாரமாகியும் எழவில்லை. தோண்டிப் பார்த்தால் அழுகியிருந்தது. மறுமுறை விதைகளை ஈரத் துணியில் சுற்றி, கொட்டாங்கச்சியில் வைத்து, அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்தார்கள் அப்பத்தா. பத்தாம் நாள் வெள்ளை முளை! தகர டப்பாக்களில் நட்டு, தெற்குப் பார்த்த கற்சுவர் ஓரம் வைத்தோம். பகலில் வெயிலை வாங்கிக்கொள்ளும் சுவர் இரவில் சற்றுச் சூடு தரும்.

பூத்தது, பூத்ததெல்லாம் உதிர்ந்தது. இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக உருவாகாது, பிஞ்சு நிற்காது என்று எங்கள் அறிவியல் ஆசிரியை விளக்கினார்கள். அன்று முதல் மாலை ஐந்து மணிக்குச் செடிகளைச் சமையலறைக்குள் எடுத்துவைப்பது எங்கள் வேலையாயிற்று. உள்ளே காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. ஆகவே பூக்களை விரலால் மெல்லத் தட்டிவிடுவது அப்பத்தாவின் வேலை. தட்டும்போதே ஊர்க்கதை வரும். களத்தில் காயும் மிளகாய், அதன் நெடியில் தும்மும் பிள்ளைகள், தாத்தாவின் கோபம்... அப்பத்தா இவ்வளவு பேசுவார்கள் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

டிசம்பரில் பதினோரு காய்கள். ஒன்று சிவந்துவிட்டது. முதல் காய் கோயிலுக்கு, புத்தாண்டுத் திருப்பலியில் காணிக்கை என்று அப்பத்தா சொல்லியிருந்தார்கள்.

கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய நாள் மாலை. குடில் வேலை, பாட்டுப் பயிற்சி, புதுப் பாவாடை. நள்ளிரவுத் திருப்பலிக்கு நடக்கையில் வானில் ஒரு மேகமும் இல்லை. எத்தனை நட்சத்திரங்கள் என்று வியந்தோம். மேகமில்லாத இரவில் தரையின் வெப்பம் தடையின்றி மேலே போய்விடும், அதனால்தான் உறைபனி விழுகிறது என்று புவியியல் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள்தான்!

விடிந்ததும் புல்வெளி வெள்ளையாய் இருந்தது. செடிகளின் இலைகள் வேகவைத்த கீரைபோல் கறுத்துத் தொங்கின. அவள் எடுத்துவைத்திருப்பாள் என்று இவளும், இவள் எடுத்துவைத்திருப்பாள் என்று அவளும் இருந்துவிட்டோம். அப்பத்தாவிடம், "பழைய சேலையைப் போட்டு மூடித்தான் வைத்தோம், காற்றில் பறந்துவிட்டது" என்றோம். "காத்தா?" என்று கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. சோர்ந்துகிடந்த பச்சைக் காய்களைப் பறித்து அன்றைய ஆட்டுக்கறிக் குழம்பில் போட்டார்கள். உறைப்பு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. அந்தக் குழம்பை விழுங்குவது எங்களுக்குத்தான் கடினமாயிருந்தது.

டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள். பெயரைக் கேட்கவே கூசியது. அன்று மாலை இருவருமாகப் போய் உண்மையைச் சொன்னோம்.

"அந்தச் சேலை மடிப்புக் கலையாமப் பெட்டியில இருந்துச்சே ஆத்தா" என்றார்கள் அப்பத்தா.

பிறகு எங்களையும் வெளியே அழைத்துப்போய், ஒவ்வொரு தண்டையும் நகத்தால் கீறிப் பார்த்தார்கள். நான்கும் பழுப்பு. சுவரை ஒட்டியிருந்த ஒன்றில் மட்டும் உள்ளே பச்சை தெரிந்தது. அதை வெட்டிக் கட்டையாக்கி உள்ளே வைத்தோம். புத்தாண்டுத் திருப்பலியில், பனியில் துவண்டுபோன அந்த ஒற்றைச் சிவப்புக் காயையே அப்பத்தா காணிக்கைத் தட்டில் வைத்தார்கள்.

மார்ச்சில் கட்டை துளிர்த்தது. இப்போது அதில் நான்கு பூக்கள். மாலை ஐந்து மணியானால் ஜன்னலோரத்திலிருந்து குரல் வரும்: "ஆத்தா, செடி!"