கைப்பையில் கிடந்த சீட்டு

என் கணவருக்கு மனச்சோர்வு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சிகிச்சைக்கு அழைத்துப் போகவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை. தேர்வு முடிவு வரும் நாட்களில் 104, 14416 என்ற உதவி எண்களைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போடச் சொல்வேன். "மனசு கஷ்டமா இருந்தா மறைக்காதீங்கம்மா" என்று பிள்ளைகளிடம் பேசுவேன். என் வீட்டில் மறைத்தேன்.

அவர் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிப்போனார். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார். சொன்னால்தான் குளிப்பார். கிரிக்கெட் பார்ப்பதை விட்டார். நெஞ்சு பாரம், கை கால் வலி என்பார். அழுததில்லை. வயதானவர்களிடம் மனச்சோர்வு பல சமயம் உடம்பு வலியாகத்தான் வெளிப்படும். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை எல்லாம் சோதித்தோம். எதிலும் குறையில்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் நேராகவே சொன்னார்: "ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் இப்படின்னா இது டிப்ரஷன் டீச்சர். மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க." சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அதை நான்காக மடித்துக் கைப்பையின் உள் ஜிப்பில் போட்டேன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால், பெண்ணின் அப்பாவுக்கு மனநோயாம் என்று பேச்சு கிளம்பும். சம்பந்தம் தட்டிப்போகும். இதுதான் என் பயம். ஆனால் இது பாதி உண்மைதான். மீதி என் கர்வம். ஊரே யோசனை கேட்டு வரும் டீச்சர் வீட்டிலா இப்படி என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.

அவரிடம், "சும்மா உக்காந்திருந்தா இப்படித்தான் இருக்கும், நாலு பேரோட வாக்கிங் போங்க" என்றேன். ஒருநாள் கோபத்தில் சோம்பேறி என்றும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

பிறகு ஒரு மாலை, கோடு போட்ட நோட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். கேஸ் இணைப்பு யார் பேரில், மின் இணைப்பு எண், எல்.ஐ.சி. பாலிசிகள், நகைக்கடன் திருப்ப வேண்டிய தேதி, லாக்கர் சாவி இருக்கும் இடம். காசாளரின் குண்டு எழுத்து. முக்கியமானவற்றுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. "இனிமே நீ எதையும் தேட வேண்டியிருக்காது" என்றார்.

நான் மகிழ்ந்தேன். "இப்பத்தான் பொறுப்பு வந்திருக்கு" என்று அவரிடமே சொன்னேன். கணக்கு வழக்குகளைத் திடீரென்று ஒழுங்கு செய்து ஒப்படைப்பது தற்கொலை எண்ணத்தின் எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று. ஆசிரியர் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த நிமிடம் அது நினைவுக்கு வரவில்லை என்றால் பொய். வந்தது. நோட்டை உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டினேன்.

பொங்கலுக்கு வந்த மகள் அந்த நோட்டைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?" என்று கேட்டாள். நான் பதறி அவள் வாயைப் பொத்தப் போனேன். கேட்டால் நாமே எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று நினைத்திருந்தேன். அது தவறு. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. அவர் "ஆமாம்மா" என்றார். அன்றைக்கே அவள் அழைத்துப் போனாள்.

மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மகள் விடுப்பு போட்டு அவர் அறை வாசலில் பாய் விரித்துப் படுத்தாள். அவர் தேறிவிட்டார். மறுபடி கிரிக்கெட் பார்க்கிறார். மகள் தேறவில்லை. போனை எடுக்க நாங்கள் கொஞ்சம் தாமதித்தாலும் அவளுக்குக் கை நடுங்குகிறது. சீட்டு கிடைத்த அன்றே போயிருந்தால் அவளுக்கு இந்தப் பயம் வந்திருக்காது. அதைக் கொடுத்தவள் நான்.

உங்களிடம் அப்படி ஒரு சீட்டு இருந்தால் நாளைக் காலையே போங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் காலைவரைகூடப் பொறுக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.